ஓய்வுக்காலத்தில் ஆர்வி இழுக்க ஒரு பெட்ரோல் டிரக்: புதியவர்களுக்கான வழிகாட்டி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு ஆர்வி டிரெய்லர், அதாவது படுக்கையும் சமையலறையும் குளியலறையும் உள்ள சக்கர வீடு வாங்கி, அதைப் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், கிளேசியர் என்று மாதக்கணக்கில் சுற்ற வேண்டும் என்பது அமெரிக்காவில் பலருடைய ஆசை. தொண்ணூறுகளில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களும் இப்போது அந்த வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் அநேகர் இத்தனை வருடமும் கேம்ரியும் ஒடிசியும் ஓட்டியவர்கள். டிரக் விற்கும் இடத்துக்குப் போனால் அங்கே பேசும் பாஷையே புதிதாக இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று விற்கும் பெரிய பெட்ரோல் டிரக் எதற்கும் இழுக்கும் பலத்தில் குறை கிடையாது. சுமக்கும் பலம்தான் முதலில் தீர்ந்துபோகும். டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு டிரக்கின் முதுகில் வந்து உட்காருகிறது. அதோடு நீங்கள், உங்கள் துணை, பெட்டி படுக்கை, கருவிகள் எல்லாம் சேரும்போது டிரக்கின் ஸ்பிரிங்கும் டயரும் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை. குதிரைத்திறனையும் 'இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்' என்பதையும் மட்டும்தான் சொல்கின்றன.

முதலில் டிரெய்லர், அப்புறம் டிரக்

பெரும்பாலோர் டிரக்கை முதலில் வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து டிரெய்லர் பார்க்கப் போய், பிடித்தது டிரக்குக்கு மேலான எடையாக இருந்தால் கையைப் பிசைகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். எப்படிப் பயணம் செய்யப் போகிறீர்கள் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். வருடத்துக்கு இரண்டு மாதமா, எட்டு மாதமா? மின்சாரமும் தண்ணீரும் இணைப்பில் வரும் முகாம்களா, காட்டுக்குள் ஒன்றும் இல்லாத இடங்களா? பேரப்பிள்ளைகள் கூட வருவார்களா? இதற்கெல்லாம் விடை கிடைத்தபிறகு டிரெய்லர் கடைகளுக்குப் போய், உள்ளே ஏறி, படுத்து, குளியலறையில் நின்று பாருங்கள். வாங்க வேண்டாம், எடையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

எந்த எடையை? டிரெய்லரின் வெளிப்புறத்தில், இடது பக்கம் முன்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜிவிடபிள்யுஆர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சாமான்களை எல்லாம் ஏற்றியபின் அந்த டிரெய்லர் அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை அது. கணக்கை அந்த எண்ணை வைத்தே போடுங்கள். விற்பனையாளர் 'டிரை வெயிட்' என்று வேறு ஒரு எண்ணைச் சொல்வார். தண்ணீர், துணிமணி, பாத்திரம், மளிகை எதுவுமில்லாத வெற்று டிரெய்லரின் எடை அது. பேட்டரியும் சமையல் கேஸ் சிலிண்டரும்கூட பல நேரம் அதில் சேராது. அந்த எடையில் எந்த டிரெய்லரும் சாலையில் ஓடியதில்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு கூடிவிடும். இருவர் நீண்ட பயணத்துக்குக் கிளம்பினால் ஆயிரம் பவுண்டுக்குமேல் ஏறுவது சர்வசாதாரணம். மேசை மேல் வைக்கும் கிரைண்டரையும் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையையும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம் இல்லையே!

'ஹாஃப்-டன் டோவபிள்' என்று சில டிரெய்லர்களின் விளம்பரத்தில் பார்ப்பீர்கள். ஹாஃப்-டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக்கின் அளவைச் சொல்லும் வகைப்பெயர்கள், உண்மையில் சுமக்கும் எடை அல்ல. ஹாஃப்-டன் இவற்றில் சிறியது. அந்தச் சிறிய டிரக்கே போதும் என்று அர்த்தம் வரும்படி எழுதுகிறார்கள். பெரும்பாலும் அந்த வெற்று எடையை வைத்துச் சொல்வதுதான். அதை நம்பி டிரக் வாங்காதீர்கள்.

டிரெய்லரின் நீளத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். 62 வயதான அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள்கால சீனியர் பாஸ் 80 டாலருக்குக் கிடைக்கிறது. கூட்டரசு நடத்தும் பல முகாம்களில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம். ஆனால் அந்த முகாம்களில் பல, சிறிய வண்டிகள் இருந்த காலத்தில் அமைத்தவை. 35 அடி டிரெய்லருக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். 25 அடியை ஒட்டி இருந்தால் நிறைய கதவுகள் திறக்கும்.

கதவு ஓரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

எந்த டிரக்கானாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணைப் பாருங்கள். டயர் அழுத்தம் அச்சிட்ட, மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். 'ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது' என்று அதில் ஒரு வரி. அதுதான் பேலோடு, அதாவது அந்தக் குறிப்பிட்ட டிரக் தன்மேல் சுமக்கக்கூடிய எடை. பக்கத்தில் நிற்கும் அதே மாடல், அதே நிறம், அதே எஞ்சின் டிரக்கில் இந்த எண் வேறாக இருக்கும். ஏனென்றால் சன்ரூஃப், தோல் இருக்கை, தானாக இறங்கும் படி என்று சேரச் சேர டிரக்கின் சொந்த எடை கூடும், சுமக்கும் அளவு குறையும். ஆடம்பர ரகங்களில் பேலோடு குறைவாகவும், எளிய ரகங்களில் அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

எரிபொருள் தொட்டி நிரம்பியதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். ஆனால் ஓட்டுநரின் எடை அதில் சேரவில்லை, அதை நீங்கள்தான் கழிக்க வேண்டும். வண்டி வந்தபிறகு கடைக்காரர் பொருத்திய பெட் (டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி) மூடியும் பக்கவாட்டுப் படியும்கூட உங்கள் கணக்கில்தான் வரும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜிவிடபிள்யுஆர் 8,500 பவுண்டு உள்ள ஒரு டிராவல் டிரெய்லர். பம்பருக்குக் கீழே பந்தில் மாட்டும் இந்த வகையில், எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் ஹிட்சில், அதாவது டிரெய்லரை மாட்டும் இணைப்பில் இறங்க வேண்டும். இதை டங் வெயிட் என்பார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும், அது உயிருக்கே ஆபத்து. நடுவில் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,105 பவுண்டு. பின் அச்சில் இறங்கும் எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் ஒரு 90. கணவன், மனைவி இருவரும் 330. டிரக் பெட்டில் கருவிப்பெட்டி, சிறிய ஜெனரேட்டர், மடக்கு நாற்காலி, அடுப்பு எல்லாம் 250. மொத்தம் 1,775 பவுண்டு. கோடை விடுமுறையில் இரண்டு பேரப்பிள்ளைகள் பின் இருக்கையில் ஏறினால் 1,900-ஐத் தொட்டுவிடும்.

ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா போன்ற ஹாஃப்-டன் டிரக்குகளில் அந்த ஸ்டிக்கர் எண் பெரும்பாலும் 1,200-க்கும் 1,900-க்கும் இடையில்தான் இருக்கும். ஆக, 'பதின்மூன்றாயிரம் பவுண்டு இழுக்கும்' என்று விளம்பரத்தில் வரும் டிரக், 8,500 பவுண்டு டிரெய்லரை மாட்டியவுடன் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது, பல நேரம் தாண்டியும்விடுகிறது. எஞ்சின் சிரமமே படாது. பின் அச்சும் டயரும்தான் தாங்காமல் போகும்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்கள் முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொண்டதாக இருந்தன. எஸ்ஏஈ ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தபிறகுதான் ஒப்பிட முடிகிறது. 2011 மாடல் டண்ட்ராவில் டொயோட்டா முதலில் அதைப் பின்பற்றியது, மற்றவர்கள் சில வருடம் கழித்துச் சேர்ந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் நீள ஏற்றம் இருக்கிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, முழு எடையை இழுத்தபடி அதில் ஏறும்போது வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல சோதனைதான். ஆனால் அந்த முறையில் டிரக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வது தலைக்கு 150 பவுண்டில் இரண்டு பேரை மட்டும். டங் வெயிட்டும் குறைந்த அளவான 10 சதவீதம். உங்கள் குடும்பமும் சாமான்களும் அந்த எண்ணுக்குள் இல்லை.

எந்த அளவு டிரக்

இந்தக் கணக்கைப் போட்டபிறகு விடை தானாக வரும். 5,000, 6,000 பவுண்டுக்குள் அடங்கும் சிறிய டிரெய்லர் என்றால் நல்ல பேலோடு உள்ள ஹாஃப்-டன் போதும். எஃப்-150-யின் 3.5 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) எஞ்சின் 400 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை) தருகிறது. தினசரி ஓட்டவும் சுகமாக இருக்கும்.

7,000 முதல் 10,000 வரையிலான டிராவல் டிரெய்லருக்கு முக்கால் டன் வகைக்குப் போய்விடுங்கள். எஃப்-250, சில்வராடோ 2500, ஜிஎம்சி சியரா 2500, ராம் 2500 இந்த வகை. பெட்ரோல் எஞ்சினில் பேலோடு 3,000 பவுண்டை ஒட்டியும் பல வண்டிகளில் அதற்கு மேலும் இருக்கும். மேலே போட்ட 1,900 பவுண்டு கணக்கு அதில் தாராளமாக அடங்கும். ஓய்வுக்காலத் தம்பதிகளில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வேறு கதை. அது பெட்டின் நடுவில் மாட்டுவது, எடையில் 20 சதவீதத்துக்கு மேல் டிரக்கின்மேல் இறங்கும். 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 22 சதவீதம் என்றால் 2,640. ஹிட்ச், ஆட்கள், சாமான் சேர்த்தால் 3,300-ஐத் தாண்டும். அதற்கு எஃப்-350, 3500 போன்ற ஒரு டன் டிரக்கைப் பாருங்கள். ஒரே எஞ்சின், ஒரே ரகத்தில் முக்கால் டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. பின்னால் நான்கு டயர் போட்ட டூயலி வகை இன்னும் பெரிய டிரெய்லர்களுக்கானது, பெட்ரோல் டிரக் பார்ப்பவருக்கு அநேகமாகத் தேவைப்படாது.

பெட்ரோலா டீசலா

ஆர்வி முகாமில் யாரைக் கேட்டாலும் டீசல் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலில் உயர்ந்த ரகம் 1,200 பவுண்டு-அடி டார்க் தருகிறது. மலை இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறும். விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும்.

ஆனால் புது டிரக்கில் டீசல் எஞ்சினுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். சம்பளம் நின்றபிறகு அது சின்னத் தொகை இல்லை. 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தால் அதற்கு வருமான வரியும் சேரும். திரும்ப வருமா என்று பார்ப்போம். வருடத்துக்கு 5,000 மைல் டிரெய்லரோடு, 5,000 மைல் வெறுமனே ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இழுக்கும்போது பெட்ரோல் காலனுக்கு 9 மைல், டீசல் 12. வெறுமனே ஓடும்போது 14, 18. விலை பெட்ரோல் 3.25 டாலர், டீசல் 3.75 டாலர். இந்தக் கணக்கில் டீசல் வருடத்துக்கு மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய 360 டாலர். பத்தாயிரத்தை எடுக்க ஏறக்குறைய 28 வருடம் ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள், விடை கொஞ்சம் மாறலாம், போக்கு மாறாது.

பராமரிப்பு வேறு. டீசலுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் டிஇஎஃப் திரவம் ஊற்ற வேண்டும், எரிபொருள் ஃபில்டர் மாற்ற வேண்டும், எண்ணெயும் அதிகம் பிடிக்கும். புகை வடிகட்டும் அமைப்பு அவ்வப்போது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் தேவை. மூன்று மாதம் பயணம் போய்விட்டு, மிச்ச ஒன்பது மாதம் மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் வண்டிக்கு அது ஒத்துவராது. டீசல் எஞ்சின் கனமும் அதிகம், அதனால் முக்கால் டன் டிரக்கில் அதே பேலோடு பல நூறு பவுண்டு குறைந்துவிடும். பலசாலி எஞ்சினுக்குக் கூடுதல் பணம் கொடுத்துச் சுமக்கும் பலத்தை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

13,000, 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீல், வருடம் முழுக்க சாலையிலேயே வாழ்க்கை, அல்லது வீடே ராக்கி மலையில் என்றால் டீசலுக்குப் போங்கள். மற்றவர்களுக்குப் பெட்ரோல் போதும்.

பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றி

முக்கால் டன், ஒரு டன் வகையில் பார்க்க வேண்டியவை மூன்று குடும்பங்கள். ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), 2020-இல் வந்தது, 'காட்ஸில்லா' என்று செல்லப்பெயர். 430 குதிரைத்திறன், 2023-க்குப் பிந்தைய மாடல்களில் 485 பவுண்டு-அடி டார்க். டர்போ கிடையாது, இரும்பு பிளாக், புஷ்ராட் என்ற பழைய பாணி எளிய வால்வு அமைப்பு, 10 கியர். சிக்கல் குறைந்த, நீண்ட காலம் உழைப்பதற்காகவே வடிவமைத்த எஞ்சின். கையில் காசு இருந்தால் என் தேர்வு இதுதான். அதே ஃபோர்டில் 6.8 லிட்டர் வி8-உம் உண்டு, 405 குதிரைத்திறன். கடை வளாகத்தில் அதிகம் நிற்பது சில நேரம் அதுவாக இருக்கும், எனவே எஞ்சின் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் (சில்வராடோ, சியரா) 6.6 லிட்டர் வி8-க்கு 401 குதிரைத்திறன், 464 பவுண்டு-அடி. 2024 மாடலிலிருந்து இதற்கு 10 கியர் ஆலிசன் டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) கொடுக்கிறார்கள். அதற்கு முன் 6 கியர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த வருடக் கோட்டை மனதில் வையுங்கள், மலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ராமின் 6.4 லிட்டர் ஹெமி 400-க்குச் சற்று மேல் குதிரைத்திறனும் 429 பவுண்டு-அடியும் 8 கியரும் உடையது. சவாரி இதில் மென்மை. ஆனால் இதற்கு 89 ஆக்டேன் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தரத்தைக் காட்டும் எண்) பெட்ரோல் போடச் சொல்கிறது கையேடு.

ஆக்டேன் பேச்சு வந்ததால் ஒன்று. கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோலை 'ரெகுலர்' என்று விற்பார்கள். இன்றைய எஞ்சின்களுக்குக் குறைந்தது 87 வேண்டும். டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகும்போது அந்த மலிவு பம்பைத் தொடாதீர்கள்.

உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். டென்வருக்கு மேற்கே ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 430 குதிரைத்திறன் 300-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும். ஆனாலும் ஏறும், வலது ஓரத்தில் லாரிகளோடு சேர்ந்து மெதுவாக. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000, 4,500 சுற்றில் கத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வண்டி உடைந்துவிடுமோ என்று பயப்படுவார். பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியை அந்தச் சுற்றில்தான் தரும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். முதல் மலைக்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அச்சு விகிதம் என்று ஒரு எண் உண்டு, 3.55, 3.73, 4.10, 4.30 என்று. சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் அது. எண் பெரிதானால் இழுப்பது எளிது, பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும். பெட்ரோல் டிரக்கில் டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் 3.73-க்குக் கீழே போக வேண்டாம். மலைப் பயணம் அதிகம் என்றால் பெரியதையே கேளுங்கள். பழைய டிரக் வாங்கும்போது உயரமான சஸ்பென்ஷனும் பெரிய டயரும் மாட்டியிருந்தால் விலகிவிடுங்கள். பெரிய டயர் அந்த விகிதத்தின் பலனைத் தின்றுவிடும்.

நீளமும் உயரமும்

நான்கு கதவு கேப் (ஆட்கள் உட்காரும் கேபின்), ஆறரை அடிப் பெட். டிராவல் டிரெய்லருக்கு இந்தச் சேர்க்கை போதும். எட்டு அடிப் பெட் ஃபிஃப்த் வீலுக்கு வசதி, திருப்பும்போது டிரெய்லரின் மூலை கேபின்மேல் இடிக்காது. சிறிய பெட்டிலும் நகரும் வகை ஹிட்ச் போட்டுச் சமாளிக்கலாம்.

ஆனால் கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையை நினைத்துக்கொண்டுதான் பலர் டிரக் வாங்குகிறார்கள். அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள எந்த வண்டியும், கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமுள்ள எந்த வண்டியும் போகக் கூடாது. டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டு டிரக்கை மட்டும் எடுத்தாலும் இந்த விதி பொருந்தும். நான்கு கதவும் சிறிய பெட்டும் உள்ள எஃப்-250 சுமார் 250 அங்குலம், அதாவது இரண்டு அங்குல மிச்சத்தில் தப்பிக்கும். எட்டு அடிப் பெட் போட்டால் 266 அங்குலம், போக முடியாது. டிரெய்லருக்கான அகலக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டும். வீட்டுக் கேரேஜிலும் இதே தொல்லை உண்டு. வாங்கும் முன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். வீட்டுச் சங்கம் டிரக்கையும் டிரெய்லரையும் வாசலில் நிறுத்த விடுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

உயரம் இன்னும் முக்கியம். முக்கால் டன் டிரக்கில் ஏறுவது சில முழங்கால்களுக்குப் பெரிய வேலை. ஒரு நாளில் பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். கடையில் ஒரே முறை ஏறிப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லாதீர்கள், பத்து முறை ஏறுங்கள்.

இருவரும் ஓட்ட வேண்டும்

நம் வீடுகளில் நீண்ட பயணங்களில் ஒருவர்தான் ஓட்டுவார், அது பெரும்பாலும் கணவர். இந்த வண்டியில் அது கூடாது. வயோமிங்கில் எங்கோ ஒரு முகாமில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அடுத்த மருத்துவமனை அறுபது மைல் தூரத்தில் இருந்தால், மற்றவர் அந்த டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும். டிரெய்லரைக் கழற்றவும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் டிரக் தேர்வில் இருவர் வாக்கும் சமம். உயரம் குறைந்தவருக்கு முன்னால் பானட்டைத் தாண்டிச் சாலை தெரிகிறதா, பெடல் எட்டுகிறதா, இந்திய மளிகைக் கடையின் நெருக்கமான வாகன நிறுத்தத்தில் நுழைத்து எடுக்க முடிகிறதா என்று அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பயமாக இருந்தால் டிரெய்லரையும் டிரக்கையும் ஒரு அளவு குறையுங்கள்.

கடையில்

இணையத்தில் பார்த்த விலையைப் பேசுவதற்கு முன், அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய வண்டிக்கும் இதையே கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் வருடா வருடம் இழுவைக் கையேடு வெளியிடுகிறது. எஞ்சின், கேப், பெட், அச்சு விகிதம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தால் உங்கள் வண்டியின் உண்மையான எண் கிடைக்கும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: கம்பெனியிலேயே பொருத்திய டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் கருவி), நீட்டக்கூடிய அகலக் கண்ணாடிகள், 7 முள் மின் இணைப்பு, பின்பக்கக் கேமரா, ஃபிஃப்த் வீல் வாங்கும் எண்ணம் இருந்தால் பெட்டில் அதற்கான அடித்தளம். பெரிய தொட்டி கிடைத்தால் எடுங்கள். மற்ற அலங்காரங்கள் உங்கள் விருப்பம், ஆனால் ஒவ்வொன்றும் பேலோடைக் கொஞ்சம் தின்னும்.

வாங்கியபின்

டிரெய்லரை மாட்டி, சாமான் ஏற்றி, தொட்டி நிரப்பி, இருவரும் உட்கார்ந்து நேராக ஒரு கேட் ஸ்கேலுக்குப் போங்கள். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் எடைமேடை அது, சில டாலர்தான் செலவு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எடையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். முதலில் டிரெய்லரோடு, ஆனால் எடையைப் பகிரும் ஹிட்சின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு எடை போடுங்கள். அப்புறம் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு டிரக்கை மட்டும் போடுங்கள். இரண்டு டிரக் எடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான டங் வெயிட். கம்பிகளை இறுக்கியபின் மூன்றாவது முறை போட்டால், முன் அச்சுக்கு எடை திரும்ப வந்திருக்கிறதா என்று தெரியும். அச்சுகளின் எல்லையும் கதவுத் தூணிலேயே எழுதியிருக்கும்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான பெரிய வாகன நிறுத்தத்தில் பின்னோக்கி எடுத்துப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் சரியாகப் போகும். இருவரும் பழக வேண்டும்.

மலை இறங்கும்போது உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, டோ-ஹால் பட்டனை அழுத்திவிடுங்கள். டிரான்ஸ்மிஷன் கீழ் கியருக்கு வந்து எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வேகம் கூடினால் நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, கண்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள்.

பெட்ரோல் டிரக்கின் உண்மையான தொந்தரவு, பெட்ரோல் போடுவதுதான். டீசல்காரர்கள் லாரிகளுக்கான அகன்ற பாதையில் நுழைந்து போட்டுக்கொள்வார்கள். நீங்கள் 50 அடி நீள வண்டியோடு கார்கள் நிற்கும் பம்புக்குள் நுழைய வேண்டும். 34 காலன் தொட்டியில் காலனுக்கு 9 மைல் என்றால் 300 மைல்தான். அதனால் 200 மைலுக்கு ஒரு முறை போடுவதாகத் திட்டமிடுங்கள். ஆர்விகளுக்குத் தனிப் பாதை உள்ள டிரக் ஸ்டாப்புகளைத் தேர்ந்தெடுங்கள். வேறு இடம் என்றால் முந்தைய நாளே வரைபடத்தில் வான்படம் பார்த்து, நுழையும் வழியும் வெளியேறும் வழியும் நேராக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முகாமில் டிரெய்லரைக் கழற்றியபின் டிரக்கை மட்டும் எடுத்துப் போய்த் தொட்டியை நிரப்பிவிட்டால் மறுநாள் காலை நிம்மதி. நெவாடா, மொன்டானா பக்கம் பாதித் தொட்டியைத் தாண்டி இறங்க விடாதீர்கள்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டுக்குள் இருந்தால் பல மாநிலங்களில் சாதாரண உரிமமே போதும். கலிஃபோர்னியா கண்டிப்பானது. அங்கே 10,000 பவுண்டு ஜிவிடபிள்யுஆருக்கு மேற்பட்ட டிராவல் டிரெய்லர் இழுக்க வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஃபிஃப்த் வீல் 10,000-க்கும் 15,000-க்கும் இடையில் என்றால் சாதாரண உரிமத்தோடு ஒரு கூடுதல் அனுமதி போதும். டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் அந்த மாநிலத்தில் வேக எல்லை மணிக்கு 55 மைல். மற்ற மாநிலங்களில் எல்லை கூடுதலாக இருந்தாலும், டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்கு மேல் ஓடுவதற்குச் செய்தவை இல்லை. டயரின் பக்கவாட்டில் அதன் வேக அளவும் தயாரித்த வாரமும் வருடமும் குறித்திருக்கும், கிளம்பும் முன் படித்துப் பாருங்கள்.